மாப்பிள்ளை வரும் சாலை

சங்குமேடு என்று பெயர் வைத்தவர்கள் பொய் சொல்லவில்லை. காரைக்காலை அடுத்த பட்டினத்துக்குத் தெற்கே கடலை ஒட்டி, ஆள் உயர மணல்திட்டின் மேல் இருந்த பழைய ஊருக்கு அந்தப் பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது. எந்த அடைமழையையும் மணல் குடித்துவிடும். மழை விட்ட கையோடு பிள்ளைகள் கபடிக்குக் கோடு கிழிப்பார்கள். சுனாமி அந்த மேட்டிலிருந்த வீடுகளை வழித்துக்கொண்டு போன பிறகு, கடல் எட்டாத இடத்தில் வீடு வேண்டும் என்று ஊரே ஒரே குரலில் கேட்டது. அரசாங்கம் சில சமயம் கேட்டதை அப்படியே கொடுத்துவிடும். ஒரு மிராசுதார் தலைமுறை தலைமுறையாக விற்கப் பார்த்தும் விலைபோகாத வயல் பள்ளம் ஒன்று அகப்பட்டது. அதில் வரிசை வரிசையாகக் கான்கிரீட் வீடுகள் எழுந்தன. கடல் அங்கே வராது. அதற்குப் பதில் வானம் வரும். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கிய பிறகும் ஊர் சங்குமேடாகவே இருந்தது.

இந்தப் பள்ளத்துக்கு மெம்பர் பெரியநாயகி. அவள் மெம்பரான கதை சுருக்கமானது. 2006-ல் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு புதுச்சேரி மாநிலத்துக்கு உள்ளாட்சித் தேர்தல் வந்தது. சங்குமேட்டு வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. உடனே ஊர்ப் பஞ்சாயத்து கூடியது. இது ஓட்டுப் போட்டு வரும் பஞ்சாயத்து அல்ல. வலைத் தகராறிலிருந்து கல்யாணம் கருமாதி வரைக்கும் கோயில் வாசலில் உட்கார்ந்து தீர்த்துவைக்கும் பஞ்சாயத்து. அந்தக் கூட்டத்தில் பெண்கள் கால் வைக்கிற வழக்கம் கிடையாது. பெண்ணுக்கு ஒரு வழக்கு என்றால் வீட்டு ஆண்பிள்ளை வந்து பேசுவான். ஆக, ஊரின் முதல் பெண் மெம்பர் யார் என்பதை ஒரு பெண்கூட இல்லாத கூட்டம் ஒருமனதாக முடிவுசெய்தது. எதிர்த்து யாரும் நிற்கக்கூடாது என்றும் சொல்லிவிட்டது.

அவளைத் தேர்ந்ததற்குக் காரணம் இருந்தது. வேறு எந்தப் பெண்ணைப் போட்டாலும் அவள் புருஷன்தான் மெம்பராவான். அவன் எந்தக் கட்சிக்காரன் பின்னால் போவானோ தெரியாது. பெரியநாயகிக்கு அந்தத் தொல்லை இல்லை. அவள் புருஷன் சுனாமியில் தென்னை மரத்தைக் கட்டிப்பிடித்துப் பிழைத்தவன். பிழைத்த சந்தோஷத்தைக் காரைக்கால் சாராயக் கடைகளில் ஒரு வருஷம் கொண்டாடி, ஈரல் கெட்டுச் செத்தான்.

ஊர்த் தலைவர் மருதையன் கடற்கரையில், மீன் ஏலத்துக்கு நடுவே அவளிடம் செய்தியைச் சொன்னார்.

“ஏ பெரிநாயி, ஒன்ன மெம்பரா போட்டுருக்கு ஊரு.”

“என்னய எதுக்கு மாமா? நான் படிச்சதே எட்டாவது.”

“கையெழுத்துப் போடுறதுக்கு எட்டாவது ஜாஸ்தி. நீ கூடையத் தூக்கு, வெயில் ஏறுது.”

கையெழுத்துக்காகப் போடப்பட்டவளுக்கு வாய் இருந்தது என்பதை ஊர் மறந்திருந்தது. பட்டினத்து முஸ்லிம் தெருக்களில் இருபது வருஷம் மீன் கூவி விற்ற குரல் அது; கதவைச் சாத்திக்கொண்டு தொழுகையில் இருப்பவருக்கும் இன்றைக்கு வஞ்சிரமா சங்கராவா என்று தெரிந்துவிடும். அந்தக் குரல், பல ஊர் மெம்பர்களும் கூடும் கொம்யூன் பஞ்சாயத்துக் கூட்டத்தில் மாதாமாதம் மூன்று விஷயங்களைக் கேட்டது. சங்குமேட்டுத் துணை சுகாதார நிலையத்தில் பொழுது சாய்ந்தால் நர்ஸ் கிடையாது, அவசரத்துக்குக் கட்டிலும் கிடையாது. குடியிருப்பில் மழைத்தண்ணீர் வடிய வழி கிடையாது. சுனாமிக்குப் பிறகு கடற்கரையைச் சீராக்கித் தருவதாகச் சொன்னவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

கொம்யூன் தலைவர் தர்மலிங்கம் வயல் பக்கத்து விவசாயி, நல்ல மனிதர், அலுப்பு என்பதைப் பண்பாகக் கடைப்பிடிப்பவர்.

“மெம்பரம்மா, போன மாசம் சொன்னதையேதான் இந்த மாசமும் சொல்றீங்க.”

“போன மாசம் நின்ன தண்ணிதாங்க இந்த மாசமும் நிக்கிது. தண்ணி மாறுனா நானும் பாட்ட மாத்திக்கிறேன்.”

சபை சிரித்தது. சபையைச் சிரிக்கவைக்கிற உறுப்பினரை எல்லோருக்கும் பிடிக்கும்; பிடிப்பதால் எதையும் செய்துகொடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் கேட்டுக்கொண்டே இருந்தால் கடைசியில் ஏதாவது வந்து சேரும். மூன்றில் மூன்றாவது முதலில் வந்தது. நெடுஞ்சாலையிலிருந்து கடல் வரைக்கும், குடியிருப்பை ஒட்டி உயரமான தார்ச்சாலை. கரையில் விளக்குக் கம்பங்கள். கடலைப் பார்த்து உட்கார சிமெண்டு பெஞ்சுகள். அந்தக் கடலைப் பார்க்கவே பிடிக்காமல்தான் அங்கிருந்து எழுந்து வந்தோம் என்று யாரும் சொல்லவில்லை. ஊருக்கு வேறு மகிழ்ச்சி இருந்தது. மாசி மகத்துக்குக் கண்ணபுரத்துப் பெருமாள் தீர்த்தவாரிக்குக் கடலுக்கு வரும்போது இந்த வழியாகத்தான் வருவார். மீனவர் குலத்துப் பெண்ணைக் கட்டியவர் என்பதால் இந்தக் கரையில் அவர் சாமி மட்டுமல்ல, மாப்பிள்ளை. இத்தனை காலம் சேற்றிலும் மணலிலும் வந்த மாப்பிள்ளை இனித் தார்ச்சாலையில் வரப்போகிறார்.

பெரியநாயகி மட்டும் வரைபடத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்துவிட்டு, “தண்ணி எப்படிப் போவும்?” என்று கேட்டாள். குடியிருப்பு வடக்கே, வடிகால் வாய்க்கால் தெற்கே, நடுவில் ஆள் உயரத்துக்குச் சாலை. இளநிலைப் பொறியாளர் சசிதரன் வயல் சூழ்ந்த நெடுங்காடு என்ற ஊரில் பிறந்தவர். வரப்பு போட்டால் தண்ணீர் நிற்கும் என்பது அவருக்கும் தெரியும். ஆனால் திட்டம் மேலிருந்து வந்தது. மேலே இருப்பவர்களுக்குப் பள்ளம் தெரிவதில்லை. அவள் அவரைப் பஸ் நிறுத்தத்தில் பிடித்தாள், டீக்கடையில் பிடித்தாள், அவர் மாமியார் வீட்டுக்கு மீன் கொண்டுபோய்க் கொடுத்தும் பிடித்தாள். கடைசியில் சாலைக்கு அடியில் மூன்று பெரிய சிமெண்டுக் குழாய்கள் பதிக்க அனுமதி வந்தது. மெம்பராக அவள் சாதித்தது இதுவரை அது ஒன்றுதான். குழாய்கள் வந்து இறங்கிய அன்று, நர்ஸ் பத்ருன்னிசாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். பத்ருன்னிசா பட்டினத்தில் அவளிடம் மீன் வாங்கும் வாடிக்கை வீட்டுப் பெண். பகல் பஸ்ஸில் வந்து சாயங்கால பஸ்ஸில் போகிறவள்.

“அக்கா, இதுக்குள்ள நானே நடந்து போவலாம் போலருக்கே.”

“தண்ணி போனாப் போதும் புள்ள. நீ பஸ்லயே போ.”

பிறகுதான் ஊர் யோசித்தது. குழாய் என்றால் மழைத்தண்ணீர் மட்டுமா போகும்? குடியிருப்பின் கழிவறைத் தொட்டிகள் அடைமழைக்கு நிரம்பி வழியும், அதுவும்தான் போகும். பெருமாள் பல்லக்கு மேலே. கழிவறைத் தண்ணீர் கீழே. கோயில் வாசலில் கூட்டம் போட்டார்கள். பெரியநாயகிக்காகப் பேச அவள் கொழுந்தன் செல்லையன் போனான். என்ன பேச வேண்டும் என்று சோறு போட்டுக்கொண்டே சொல்லிக்கொடுத்தாள், திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டாள், சரியாகச் சொன்னான். அவள் கோயில் மதிலுக்கு வெளியே தண்ணீர்க் குழாயடியில் காலிக் குடத்தோடு நின்றாள்.

“மாப்புள மாமனார் வூட்டுக்கு வர்றப்ப, காலுக்கடியில பீத்தண்ணி ஓடுமாடா?” என்றார் மருதையன். “வாசப்படியில சாக்கடைய விட்டுட்டு வா வான்னா எவன் வருவான்?”

கூட்டம் ஆமாம் போட்டது. செல்லையன் எழுந்தான். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிய நாளில் கடலிலிருந்து ஒற்றை ஆளாகப் படகைத் திருப்பிக்கொண்டு வந்தவன் அவன்.

“அண்ணி என்னா சொல்றாங்கன்னா...” என்றவன் நான்கு பக்கமும் பார்த்தான். “ஊரு பாத்து என்ன சொல்லுதோ அதாங்க.”

மதிலுக்கு வெளியே குடம் கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது.

மறுநாள் காலை சசிதரன் அளவு எடுக்க வந்தார். ஊர் சாலையில் திரண்டு நின்றது. மருதையன் பொறியாளரிடம் பேசுவதற்கு முன் பெரியநாயகியிடம் திரும்பி, மிகுந்த அன்போடு விசாரித்தார்.

“எழிலுக்கு ஊர் வெத்தல நாளான்னிக்கி தானே? பாக்கெல்லாம் வாங்கியாச்சா?”

எழில்மதி பெரியநாயகியின் ஒரே பெண். எல்லைக்கு அந்தப்பக்கம், தமிழ்நாட்டுக் கரையில் உள்ள ஊரில் மாப்பிள்ளை பார்த்திருந்தது. ஊர்ப் பஞ்சாயத்து வெற்றிலை மாற்றாமல் இந்தக் கரைகளில் கல்யாணம் நடக்காது. மாற்றிக்கொள்ள ஊர் வரவில்லை என்றால் அந்த ஊரும் பெண்ணை எடுக்காது. மருதையன் மிரட்டவில்லை. பாக்கைப் பற்றித்தான் கேட்டார்.

சசிதரன் நேராக அவளைப் பார்த்தார். “மெம்பரம்மா, கேட்டதே நீங்கதான். நீங்க வேணும்னு சொன்னா நான் போட்டுருவேன். எனக்கு அது போதும். வேணுமா, வேண்டாமா?”

பட்டினம் முழுக்கக் கேட்கும் குரல், அருகில் நின்றவருக்கும் சரியாகக் கேட்காதபடி சொன்னது:

“ஊரு சொல்றதுதாங்க.”

குழாய்கள் லாரியில் ஏறி வேறு ஊருக்குப் போயின. சாலை போடப்பட்டது. தை மாதத்தில் எழில்மதி கல்யாணம் ஊர் நிறைய நடந்தது. மாசி மகத்தன்று பெருமாள் குலுங்காமல் நலுங்காமல் வந்தார். கரை முழுக்க “மாப்புள வந்தாரு, மாப்புள வந்தாரு” என்று கூவியபோது, பெரியநாயகியின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. மகள் கல்யாணம் முடிந்த தாய், சந்தோஷத்துக்குக் குறைவில்லை. கொம்யூன் கூட்டத்தில் அதற்குப் பிறகு அவள் நர்ஸையும் கட்டிலையும் பற்றி மட்டும்தான் கேட்டாள். தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை. தர்மலிங்கம்கூட, “என்ன மெம்பரம்மா, தண்ணி வடிஞ்சிருச்சா?” என்று விசாரித்தார். “மழ வரட்டுங்க” என்றாள்.

கார்த்திகையில் வந்தது. புயல் கரையேறாமல் கடலிலேயே குந்திக்கொண்டு டெல்டா முழுவதையும் நனைத்த வருஷம் அது. முதல் நாள் தெருவில் தண்ணீர். இரண்டாம் நாள் வீட்டுக்குள். மூன்றாம் நாள் கட்டில் மிதந்தது. நெடுஞ்சாலை ஒருபுறம், புதுச்சாலை மறுபுறம். சங்குமேடு ஓர் அண்டாவில் உட்கார்ந்திருந்தது. சாலைக்குத் தெற்கே வடிகால் வாய்க்கால் பாதிதான் ஓடியது. காலியாகிப்போன பழைய மணல்மேட்டில் ஒரு சொட்டு நிற்கவில்லை.

தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது வழக்கம். எழில்மதி நிறைமாதமாகத் தாய் வீட்டில் இருந்தாள். தண்ணீர் ஏறத் தொடங்கியதுமே காரைக்காலுக்குக் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று பெரியநாயகி நினைத்தாள்; நாள் இன்னும் இருக்கிறதே, மழையில் எதற்கு அலைச்சல் என்று சம்பந்தி வீட்டார் சொன்னார்கள். மூன்றாம் நாள் முற்பகலில் வலி எடுத்தது. மாடிப்படியின் மேல்தட்டில் பாயை விரித்து அவளைக் கிடத்தினார்கள். பஸ் இல்லாமல் பட்டினத்திலிருந்து பாதி நடந்தும் பாதி நீந்தியும் பத்ருன்னிசா வந்து சேர்ந்தாள். வயிற்றில் கை வைத்துப் பார்த்தவள் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல் இருக்கப் பழகியவள்தான், அன்றைக்கு முடியவில்லை.

“அக்கா, புள்ள குறுக்க கெடக்கு. இங்க வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. காரைக்கால் போயாவணும்.”

ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று. அது நெடுஞ்சாலை வரை வந்து, புதுச்சாலையில் திரும்பி, குடியிருப்பின் தெருமுனையில் சாலை மேல் நின்றது. தெரு மார்பளவு. கட்டிலில் வைத்துத் தூக்கலாம் என்றால், கீழே சாக்கடை எது வாசற்படி எது என்று தெரியாது. கவிழ்ந்தால் இரண்டு உயிர். ஆண்கள் கரையிலிருந்து ஒரு ஃபைபர் படகைச் சாலை வழியே இழுத்து வந்து தெருவில் இறக்கினார்கள். அது மூன்றாவது வீட்டைத் தாண்டுவதற்குள் இரண்டு கழிவறைத் தொட்டிகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. எத்தனையோ ஆழங்கள் பார்த்த படகுக்காரர்கள் சொந்தத் தெருவில் தரைதட்டி நின்றார்கள்.

இனிச் சாலையை வெட்டினால்தான் உண்டு. அதைச் சொல்ல ஆளுக்கு வாய் வந்தது. வெட்ட ஒருவருக்கும் கை வரவில்லை. பெருமாள் வரும் பாதை. ஊர்ப் பஞ்சாயத்தார் சாலையிலேயே, கொட்டும் மழையில், தலைக்குச் சாக்கைப் போட்டுக்கொண்டு கூடினார்கள். வெட்டுவது என்று முடிவானது. வெட்டுமுன் மாப்பிள்ளையிடம் உத்தரவு கேட்டுச் சூடம் ஏற்றுவது என்றும் முடிவானது. சூடம் நனைந்திருந்தது. ஒருவர் ஏற்ற, அணைந்தது. இன்னொருவர் குடை பிடிக்க, ஏற்றினார், அணைந்தது. ஆம்புலன்ஸ் ஓட்டுநர் வண்டிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியநாயகி தண்ணீரிலிருந்து சாலை மேல் ஏறி, நேராகக் கூட்டத்துக்கு நடுவில் வந்து நின்றாள்.

“பொம்பள இங்க என்னா...” என்று ஒருவர் ஆரம்பித்தார்.

“பொம்பள வரல. மெம்பர் வந்துருக்கேன்” என்றாள். “இது கொம்யூன் ரோடு. ஊரு ரோடு இல்ல. வெட்டுங்கடா.”

மருதையன் தீப்பெட்டியும் கையுமாக நிமிர்ந்தார். “பெரிநாயி, ஒரு நிமிஷம், சூடம்...”

“மாப்புளக்கிட்ட நான் சொல்லிக்கிறேன் மாமா. அவரு பொண்டாட்டியும் நம்ம வூட்டுப் பொண்ணுதானே. பிரசவம்னா அவருக்குத் தெரியாதா?”

யாரும் அசையவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் நின்ற செல்லையன் மட்டும் கடப்பாரையை எடுத்துத் தாரில் இறக்கினான். இரண்டாவது குத்துக்கு இன்னொருவன் சேர்ந்தான். பிறகு மண்வெட்டிகள் வந்தன. அரை ஆள் ஆழம் வெட்டுவதற்குள் மிச்சத்தைத் தண்ணீரே வெட்டிக்கொண்டது. சாலை ஒரு பனைமர நீளத்துக்குப் பிய்த்துக்கொண்டு போக, சங்குமேட்டின் மூன்று நாள் மழை இரைந்துகொண்டு வாய்க்காலில் விழுந்தது.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே தெருவில் தண்ணீர் இறங்கியது. மார்பு இடுப்பாயிற்று, இடுப்பு முழங்காலாயிற்று. கட்டிலில் எழில்மதியைச் சாலைக்குக் கொண்டு வந்தார்கள். வண்டியில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது: உடைப்பு வண்டிக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவே கிடந்தது. ஆம்புலன்ஸ் கடலைத் தவிர வேறெங்கும் போக முடியாது. மறுபடியும் இறக்கினார்கள். உடைப்பில் சீறும் தண்ணீரில் கயிறு கட்டி, எட்டுப் பேர் கட்டிலைத் தோளுக்கு மேல் ஏந்திக் கடந்தார்கள். மாசி தோறும் பல்லக்குத் தூக்கிப் பழகிய தோள்கள், கால் இடறவில்லை. அந்தப்பக்கம் நெடுஞ்சாலையில் ஒரு மீன் வண்டியை நிறுத்தி, ஐஸ் பெட்டிகளை இறக்கிவிட்டு ஏற்றினார்கள். பத்ருன்னிசா தலைமாட்டில் உட்கார்ந்து எதையோ ஓதிக்கொண்டே வந்தாள். நிரவி ஊரைத் தாண்டும்போது ஓதுவதை நிறுத்திவிட்டு, எழில்மதியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் தாயைக் காப்பாற்றினார்கள். பிள்ளை வரும் வழியிலேயே போயிருந்தது. ஆண் பிள்ளை.

அடுத்த நாள் மழை வெளிவாங்கியது. வார்டில் பெரியநாயகி மகளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். எழில்மதி இரண்டு வாய் குடித்துவிட்டுக் கேட்டாள்.

“ஏம்மா, அன்னிக்கி அந்த இஞ்சினியர் கேட்டப்ப, கொழா வேணும்னு சொல்லிருந்தா என் கல்யாணம் நின்னுருக்குமா?”

“நின்னுருக்கும்டி.”

“நின்னா என்னம்மா?”

பெரியநாயகி கரண்டியைக் கிண்ணத்தில் போட்டாள். எழில்மதி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். புருஷன் வீட்டார் வந்து நேராகத் தங்கள் ஊருக்கு அழைத்துப் போனார்கள். அம்மாவிடம் அவள் போகிறேன் என்று சொல்லவில்லை.

டிசம்பர் நடுவில் கொம்யூன் பஞ்சாயத்துக் கூட்டம். வெள்ளச் சேதத்தைப் பற்றி மேலே அறிக்கை அனுப்ப வேண்டும், அதற்காகவே கூட்டியிருந்தார்கள். தர்மலிங்கம் முதலில் அவளுக்கு இரங்கல் தெரிவித்தார். உண்மையாகவே தெரிவித்தார். சங்குமேடு பாதிப்புக்கு வரலாறு காணாத மழையே காரணம் என்று எழுத்தரைப் பார்த்துச் சொன்னார். பெரியநாயகி எழுந்தாள்.

“மழையில்லிங்க. ரோட்டுக்கு அடியில மூணு கொழா வந்துச்சு. வேணாம்னு திருப்பி அனுப்புனாங்க. கேட்டதுக்கு ஊரு சொல்றதுதான்னு சொன்னது நான். அத எழுதுங்க.”

சசிதரன் சுவரோரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“மெம்பரம்மா,” என்றார் தர்மலிங்கம், “ஒங்க மனசு புரியிது. ஆனா இதெல்லாம் எழுதுனா என்னாவும்? இயற்கைச் சீற்றம்னாத்தான் நிவாரணம். நாமளே பண்ணிக்கிட்டதுன்னு எழுதுனா, ஒங்க ஊருக்கே அரிசி வராது. மருதையன் தல உருளும். இவரு வேலைக்கும் ஆபத்து. செத்தது திரும்பியா வரப்போவுது?”

“வராதுங்க.”

“அப்பறம்?”

“எழுதுங்க.”

அவள் நர்ஸ் இல்லை என்று கத்தியதும், தண்ணீர் வடியவில்லை என்று கத்தியதும் பழைய கூட்டக் குறிப்பேட்டில் வரிக்கு வரி எழுதப்பட்டிருந்தன. அவற்றை எழுதினால் ஒருவருக்கும் நஷ்டமில்லை. எழுத்தர் தலைவரைப் பார்த்தார். தலைவர் மின்விசிறியைப் பார்த்தார். பேனா அசையவில்லை.

“சரி, ஒக்காருங்க. பொறவு பேசிக்குவோம்.”

“எழுதுனப் பொறவு ஒக்கார்றேன்.”

அவளைக் கடந்து கூட்டம் அடுத்த பொருளுக்குப் போனது: கொசு மருந்து அடிப்பது. அதற்கு அடுத்தது, உடைந்த சாலையை மாசிக்குள் சீர்செய்வது. குழாய்கள் மூன்று போதுமா, ஐந்து வேண்டுமா என்று உறுப்பினர்கள் தாராளமாக விவாதித்தார்கள். ஐந்து என்று தீர்மானமானது, எதிர்ப்பே இல்லை. டீயும் மசால்வடையும் வந்தன. அவளுக்கும் ஒரு டம்ளரை மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். அது ஆடை கட்டிக்கொண்டிருந்தது. பெரியநாயகி நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு, எழுத்தரின் பேனாவைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள்.